ஐந்து செல்கள் சொல்லும் செய்தி

காய்ச்சலில் படுத்திருக்கும் ஒருவருக்கு மருத்துவர் மருந்து கொடுக்கிறார். மறுநாள் வெப்பமானியை வைத்துப் பார்க்கிறார். முதல் நாள் 103 டிகிரி இருந்தது, இன்று 99-க்கு இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்கிறார். இறங்காவிட்டால் மருந்தை மாற்றலாமா என்று யோசிக்கிறார். நோயின் போக்கை ஓர் எண்ணாக்கிக் காட்டுகிறது வெப்பமானி.

புற்றுநோய்க்கும் இப்படி ஒரு வெப்பமானி உண்டா? ஒரு குழாய் இரத்தத்தை எடுத்து, "இந்த மருந்து இவருக்குப் பலன் தருகிறது" அல்லது "பலன் தரவில்லை, மாற்றுங்கள்" என்று சொல்லிவிட முடியுமா? மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை தேடுவோம். நான் இயற்பியல் கற்பிப்பவன். மருத்துவத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இது அளத்தலைப் பற்றிய கதை. அளத்தல் இருக்கும் இடத்தில் இயற்பியலுக்கும் இடம் உண்டு அல்லவா?

ஏன் விரைவில் தெரிய வேண்டும்?

மார்பகத்தில் தோன்றும் புற்றுநோய் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். ஆனால் சிலருக்கு நோய், தோன்றிய இடத்தை விட்டு எலும்பு, கல்லீரல், நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குப் பரவிவிடுகிறது. இதையே முற்றிய நிலை என்கிறோம். இந்த நிலையில் நோயை அடியோடு அகற்றுவது அரிது. நோயைக் கட்டுக்குள் வைத்து, நோயாளி இயன்றவரை நலமாகவும் நீண்ட காலமும் வாழச் செய்வதே சிகிச்சையின் நோக்கம். அதற்கு ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகளும், செல்களைக் கொல்லும் வேதி மருந்துகளும், வேறு பல புதிய மருந்துகளும் உள்ளன. ஒரு மருந்து பயனற்றுப் போகும்போது அடுத்ததற்கு மாற வேண்டும்.

எப்போது மாறுவது? பயன் தராத மருந்தைத் தொடர்ந்தால் பக்கவிளைவுகள் மட்டுமே மிஞ்சும். பொன்னான நாள்களும் வீணாகும். பயன் தரும் மருந்தை அவசரப்பட்டு நிறுத்திவிட்டால், கையிலிருந்த நல்ல கருவி ஒன்றை நாமே எறிந்துவிட்டதாகும். இரண்டுமே இழப்புதான்.

இதைத் தீர்மானிக்க மருத்துவர்கள் நோயாளியிடம் பேசுகிறார்கள், உடலைச் சோதிக்கிறார்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கட்டிகளின் அளவை ஒப்பிடுகிறார்கள். ஆனால் கட்டி படத்தில் தெரியும்படி சுருங்கவோ வளரவோ வாரங்கள், மாதங்கள் ஆகும். எலும்பில் பரவிய நோயை அளப்பது மேலும் கடினம். சிகிச்சையால் ஆறத் தொடங்கிய எலும்பும், நோயால் கெட்டுவரும் எலும்பும் சில வேளைகளில் படத்தில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவேதான் இரத்தத்தின் பக்கம் அறிஞர்களின் பார்வை திரும்பியது.

முதல் வழி: புரதத்தை அளத்தல்

இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் கலந்துள்ள ஒரு பொருளை அளப்பது எப்படி? இதற்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் இயற்பியல் படித்தவர் என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். அவர் பெயர் ரோசலின் யாலோ. அமெரிக்காவில் அணுக்கரு இயற்பியலில் ஆய்வுப் பட்டம் பெற்ற அவர், சாலமன் பெர்சன் என்ற மருத்துவருடன் சேர்ந்து 1950-களில் ஒரு முறையை உருவாக்கினார். நம் உடல் அந்நியப் பொருள்களை எதிர்க்க உண்டாக்கும் எதிர்ப்பொருள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டுமே பற்றிக்கொள்ளும். பூட்டுக்கு ஏற்ற சாவி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எதிர்ப்பொருளையும் கதிரியக்க அயோடினையும் கொண்டு இரத்தத்திலுள்ள இன்சுலினை அவர்கள் அளந்து காட்டினார்கள். பெர்சன் 1972-இல் காலமானார். யாலோவுக்கு 1977-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த எண்ணத்தின் வழிவந்த சோதனைகளுள் ஒன்று சி.ஏ. 15-3 என்பது. மார்பகச் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு பெரிய புரதத்தின் துண்டுகள் இரத்தத்தில் உதிர்கின்றன. அவற்றை எதிர்ப்பொருள்களால் பிடித்து அளக்கிறார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 30 அலகு வரை இயல்பான அளவு என்று பல ஆய்வகங்கள் கொள்கின்றன.

செலவு குறைந்த, எளிய சோதனை இது. ஆனால் வெப்பமானியைப் போல இதை நம்பிவிட முடியாது. காரணங்கள் மூன்று. முதலாவது, நோய் முற்றிய எல்லோருக்கும் இந்த அளவு உயர்வதில்லை. இரண்டாவது, கல்லீரல் நோய் போன்ற வேறு காரணங்களாலும் உயரலாம். மூன்றாவது காரணம் விந்தையானது. புதிய சிகிச்சை தொடங்கிய முதல் நான்கு முதல் ஆறு வாரங்களில், மருந்து நன்றாக வேலை செய்யும்போதே, இந்த எண் தற்காலிகமாக ஏறக்கூடும். மடியும் செல்கள் தம்மிடமுள்ள புரதத்தை இரத்தத்தில் கொட்டுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எண் ஏறிவிட்டதே என்று அஞ்சி மருந்தை நிறுத்தினால், பலன் தந்துகொண்டிருந்த மருந்தையே நிறுத்தியதாகும்! எனவே இந்த எண்ணை மட்டும் வைத்து மருத்துவர்கள் முடிவு எடுப்பதில்லை. நோயாளியின் நிலை, ஸ்கேன் படம் ஆகியவற்றோடு சேர்த்தே பார்க்கிறார்கள்.

இரண்டாம் வழி: செல்லையே எண்ணுதல்

புரதத்தை விட்டுவிட்டு, புற்றுச் செல்லையே இரத்தத்தில் தேடினால் என்ன? இந்த எண்ணத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். 1869-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், உடலில் பல கட்டிகளுடன் இறந்துபோன ஒருவரின் இரத்தத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். கட்டிகளில் இருந்தவற்றைப் போன்ற செல்கள் இரத்தத்திலும் இருப்பதைக் கண்டு எழுதினார். நோய் ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்கு எவ்வாறு பயணம் செய்கிறது என்பதற்கு அது ஒரு தடயம்.

ஆனால் உயிருடன் உள்ளவரின் இரத்தத்தில் இச்செல்கள் மிகமிக அரியவை. எவ்வளவு அரியவை என்று ஒரு கணக்குப் போடுவோம். சோதனைக்கு எடுக்கும் இரத்தம் 7.5 மில்லிலிட்டர், அதாவது 7,500 கன மில்லிமீட்டர். ஒரு கன மில்லிமீட்டரில் சுமார் 45 லட்சம் சிவப்பணுக்கள் இருப்பதை உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். பெருக்கிப் பாருங்கள்: 3,375 கோடி! வெள்ளணுக்கள் ஐந்து கோடி தனி. இவற்றினிடையே ஐந்து புற்றுச் செல்களைத் தேட வேண்டும்.

வீட்டில் அம்மா அரிசியில் கல் பொறுக்குவதைப் பார்த்திருக்கிறீர்களே, அந்த வேலையோடு ஒப்பிடுவோம். ஓர் அரிசி மணியின் எடை 20 மில்லிகிராம் என்று கொண்டால், 3,375 கோடி மணிகளின் எடை 675 டன். பத்து டன் ஏற்றும் லாரிகள் 67 போதாது! அத்தனை லாரி அரிசியில் ஐந்தே ஐந்து கற்கள்.

இங்கே மீண்டும் இயற்பியல் துணைக்கு வருகிறது. கல் இருப்பது இரும்புக் கல்லாக இருந்தால் காந்தத்தைக் காட்டி இழுத்துவிடலாம் அல்லவா? அதைத்தான் செய்தார்கள். இந்தப் புற்றுச் செல்களின் மேற்பரப்பில், இரத்த அணுக்களில் இல்லாத ஒரு புரதம் உண்டு. அதைப் பற்றும் எதிர்ப்பொருளை மிக நுண்ணிய இரும்புத் துகள்களில் ஒட்டி இரத்தத்தில் கலக்கிறார்கள். துகள்கள் புற்றுச் செல்களின் மேல் சென்று ஒட்டிக்கொள்கின்றன. பிறகு காந்தப்புலத்தில் வைத்தால் அச்செல்கள் ஒரு பக்கமாக இழுக்கப்படுகின்றன. அவற்றுடன் தவறுதலாக வந்த வெள்ளணுக்களை வேறொரு ஒளிரும் சாயம் காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சியவற்றை எண்ணுகிறார்கள்.

சிறிய எண்களின் சேட்டை

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். சென்ற மாதம் 6 செல்கள். இந்த மாதம் 4 செல்கள். நோய் குறைந்துவிட்டதா?

அவசரப்படாதீர்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பெரிய பாத்திரத்தில் சிறு கிண்ணத்தால் 20 கிண்ணம் அரிசியை அளந்து போடுங்கள். தோல் நீக்காத கறுப்பு உளுந்து 100 மணிகளை எண்ணிப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். இப்போது ஒரு கிண்ணத்துக்குச் சராசரியாக 5 உளுந்து இருக்கிறது. ஒரு கிண்ணம் எடுத்து உளுந்தை எண்ணிக் குறித்துக்கொண்டு, திரும்பக் கொட்டிக் கலக்கி, மறுபடியும் எடுங்கள். இருபது முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் 5 வருமா? வராது. ஒருமுறை 3 வரும், ஒருமுறை 7 வரும், 2-உம் 9-உம் கூட வரலாம். பாத்திரத்தில் உளுந்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எண் மட்டும் ஆடுகிறது!

கதிரியக்கத்தை எண்ணும் இயற்பியலாளருக்கு இது பழகிய செய்தி. எண்ணிக்கை எவ்வளவோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு அது தானாகவே ஆடும். 10,000 எண்ணினால் ஆட்டம் 100, அதாவது நூற்றுக்கு ஒன்று; பொருட்படுத்த வேண்டியதில்லை. 5 எண்ணினால் ஆட்டம் ஏறத்தாழ 2.2, அதாவது கிட்டத்தட்டப் பாதி! உண்மையான சராசரி 5 உள்ள ஒருவரின் இரத்தத்தை எடுத்தால், நூற்றில் 44 தடவை குழாயில் 5-க்குக் குறைவான செல்களே சிக்கும் என்று கணிதம் காட்டுகிறது. ஆகவே 6 என்பது 4 ஆனதை வைத்து மகிழவும் வேண்டாம். 4 என்பது 6 ஆனதை வைத்து அழவும் வேண்டாம். 60 என்பது 4 ஆனால் அது வேறு செய்தி.

நம்பிக்கை தந்த ஆண்டு

2004-இல் அமெரிக்காவில் மாசிமோ கிறிஸ்டோஃபனில்லியும் அவருடைய குழுவினரும் நோய் பரவிய 177 பேரிடம் இந்தச் சோதனையைச் செய்து முடிவுகளை வெளியிட்டார்கள். புதிய சிகிச்சை தொடங்குமுன் 7.5 மி.லி. இரத்தத்தில் 5 அல்லது அதற்கு மேல் செல்கள் இருந்தவர்களுக்கு, நோய் மீண்டும் முன்னேறாமல் நின்ற காலம் 2.7 மாதம். 5-க்குக் குறைவாக இருந்தவர்களுக்கு 7 மாதம். (இவை இடைநிலை அளவுகள். எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் காலம் என்று பொருள்.) சிகிச்சை தொடங்கிச் சில வாரங்கள் கழித்து மறுபடி எண்ணியபோதும் இதே வேறுபாடு தெரிந்தது. ஸ்கேன் படம் சொல்வதற்கு முன்பே இரத்தம் சொல்லிவிடுகிறது! அதே ஆண்டு அமெரிக்க அரசின் அனுமதியும் இச்சோதனைக்குக் கிடைத்தது.

அடுத்து என்ன தோன்றும்? முதல் தவணை மருந்துக்குப் பிறகும் எண் குறையவில்லையா, உடனே மருந்தை மாற்று! மிக நியாயமான யோசனை. கேட்பவர் எவரும் தலையாட்டுவார்கள். ஆனால் அறிவியல் தலையாட்டுவதோடு நிற்பதில்லை, சோதித்துப் பார்க்கும்.

எதிர்பாராத விடை

அமெரிக்காவில் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2014-இல் வெளிவந்தது. முதன்முறையாக வேதி மருந்து தொடங்கிய 595 பேர் அதில் சேர்ந்தார்கள். 21 நாள் கழித்தும் செல்களின் எண்ணிக்கை இறங்காதவர்கள் 123 பேர். அவர்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு அதே மருந்தைத் தொடர்ந்தார்கள். மற்றப் பிரிவினருக்கு உடனே வேறு வேதி மருந்துக்கு மாற்றினார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்கள் வாழ்ந்த காலம் 10.7 மாதம், மாற்றியவர்கள் வாழ்ந்த காலம் 12.5 மாதம். இந்த வேறுபாடு உளுந்து ஆடுவது போன்ற தற்செயலான ஆட்டத்தைத் தாண்டவில்லை. அதாவது, மாற்றியதால் பயன் இல்லை.

சோதனை பொய் சொல்லியதா? இல்லை. அதே ஆய்வில், தொடக்கத்திலேயே எண்ணிக்கை குறைவாக இருந்தவர்கள் வாழ்ந்த காலம் 35 மாதம். மருந்துக்குப் பின் எண்ணிக்கை இறங்கியவர்கள் 23 மாதம். இறங்காதவர்கள் 13 மாதம். எண் சொன்னது உண்மையே. ஆனால் அந்த உண்மையை வைத்து அவர்களுக்கு உதவ முடியவில்லை.

வானொலியில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட செய்தியைக் கேட்டிருப்பீர்கள். கூண்டு புயலை நிறுத்துவதில்லை. செய்தி கேட்ட மீனவர் கரைக்குத் திரும்ப முடியும் என்பதாலேயே அதற்குப் பயன். ஒதுங்கக் கரையே இல்லாவிட்டால், எச்சரிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன? அந்த 123 பேருக்கு நேர்ந்தது இதுதான். "இந்த மருந்து போதவில்லை" என்று எண் சொன்னது. "எது போதும்" என்று அது சொல்லவில்லை. ஒரு வேதி மருந்துக்கு மசியாத நோய், அடுத்த வேதி மருந்துக்கும் எளிதில் மசியவில்லை.

மூன்றாம் வழி: டி.என்.ஏ. துண்டுகள்

அப்படியானால், ஏன் மசியவில்லை என்ற காரணத்தையும் சொல்லும் சோதனை வேண்டும். அதற்குக் கை கொடுத்தது டி.என்.ஏ. செல்கள் மடியும்போது அவற்றின் மரபுப்பொருள் சிறு துண்டுகளாகி இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தில் இப்படிச் செல்லுக்கு வெளியே டி.என்.ஏ. இருப்பதை 1948-லேயே பிரான்ஸில் மாண்டெல், மெத்தே என்ற இருவர் கண்டறிந்தார்கள். புற்றுச் செல்லிலிருந்து வந்த துண்டுகளில் அதற்கே உரிய எழுத்துப் பிழைகள், அதாவது சடுதி மாற்றங்கள், இருக்கும். அதைக் கொண்டு அவற்றைப் பிரித்தறியலாம். இத்துண்டுகள் இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. அவற்றின் அரை ஆயுள் சில நிமிடங்களிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வரைதான். ஆகவே இன்று எடுத்த இரத்தம் இன்றைய நிலையைச் சொல்லும்.

2013-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நோய் பரவிய 30 பெண்களிடம் மூன்று வழிகளையும் ஒப்பிட்டார்கள். டி.என்.ஏ. துண்டுகள் 30 பேரில் 29 பேரிடமும், புற்றுச் செல்கள் 26 பேரிடமும் தென்பட்டன. சி.ஏ. 15-3 சோதித்த 27 பேரில் 21 பேருக்கே உயர்ந்திருந்தது.

துண்டுகள் எப்படிக் காரணம் சொல்கின்றன என்று பார்ப்போம். மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் தூண்டுதலால் வளர்பவை. செல்லிலுள்ள ஏற்பி என்ற புரதத்தில் ஈஸ்ட்ரோஜன் வந்து பொருந்தினால் "வளர்" என்ற ஆணை பிறக்கிறது. உடலில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைத்துவிடும் மருந்துகள் உள்ளன. பல மாதங்கள் அவை நன்றாக வேலை செய்கின்றன. பிறகு சில செல்களில் இ.எஸ்.ஆர்.1 என்ற மரபணுவில் சடுதி மாற்றம் நிகழ்கிறது. அதன் பின் அந்த ஏற்பி, ஹார்மோன் வராமலேயே "வளர், வளர்" என்று ஆணையிடத் தொடங்குகிறது. விசை ஒட்டிக்கொண்டுவிட்ட அழைப்பு மணியைப் போல! மணியை அழுத்த வருபவரைத் தடுத்து இனிப் பயன் இல்லை. மணியையே கழற்ற வேண்டும். ஏற்பியையே அழிக்கும் மருந்துகளும் இருக்கின்றன.

பிரான்ஸில் 1,017 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2022-இல் வெளியாயின. மருந்து உட்கொண்டு வருபவர்களின் இரத்தத்தில் இ.எஸ்.ஆர்.1 மாற்றத்தை அவ்வப்போது தேடினார்கள். மாற்றம் தோன்றியும் ஸ்கேனில் நோய் முன்னேறாத 172 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். பழைய மருந்தையே தொடர்ந்தவர்களுக்கு நோய் முன்னேறாமல் இருந்த காலம் 5.7 மாதம். ஏற்பியை அழிக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசிக்கு மாறியவர்களுக்கு 11.9 மாதம். 2025-இல் பல நாடுகளில் நடந்த மற்றோர் ஆய்வில், 3,256 பேரைச் சோதித்து, மாற்றம் தோன்றிய 315 பேரை இவ்வாறே பிரித்தார்கள். தொடர்ந்தவர்களுக்கு 9.2 மாதம், காமிஸெஸ்ட்ரன்ட் என்ற புதிய மாத்திரைக்கு மாறியவர்களுக்கு 16 மாதம்.

2014-இல் தோற்ற யோசனை இப்போது வென்றது ஏன்? எண் மட்டும் வரவில்லை. அதனோடு காரணமும், காரணத்துக்கு ஏற்ற மருந்தும் வந்தன. ஒதுங்கக் கரை கிடைத்தது. ஆயினும் முழு வெற்றி என்று சொல்ல அறிஞர்கள் தயங்கினார்கள். நோய் முன்னேறாத காலம் நீண்டது சரி. நோயாளியின் மொத்த ஆயுளும் நீண்டதா என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு, 2025-இல் அம்முடிவுகள் வெளியானபோது காலம் போதவில்லை. இந்தத் தயக்கம் நல்ல தயக்கம்.

இரண்டு கேள்விகள்

எந்த அளவீட்டைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்த எண் உண்மையைச் சொல்கிறதா என்பது ஒன்று. இந்த எண்ணை அறிந்ததால் அந்த மனிதருக்கு நன்மை உண்டா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு "ஆம்" கிடைத்தவுடன் இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டதாக நினைப்பது இயல்பு. அப்படி நினைத்திருந்தால், பயனில்லாத மருந்து மாற்றங்களை எத்தனையோ பேர் தாங்கியிருப்பார்கள். அப்படியல்ல என்று காட்டியவர்கள், சீட்டுக் குலுக்கலுக்கு இசைந்த அந்த 123 நோயாளிகள். அவர்களுக்குப் பின்வந்தவர்கள் பெற்ற பயனில் அவர்களுடைய பங்கும் உண்டு.

உங்களுள் சிலர் வீட்டிலேயே இந்த நோயோடு போராடும் அம்மாவோ, அத்தையோ, பாட்டியோ இருக்கலாம். ஆய்வக அறிக்கை வந்ததும் சென்ற மாத எண்ணோடு ஒப்பிட்டு நீங்களாகவே மனம் தளர்ந்துவிடாதீர்கள், அவர்களையும் தளரவிடாதீர்கள். ஓர் எண் ஆடும். சில வேளை நல்லது நடக்கும்போதே ஏறும். "இந்த எண்ணை வைத்து நாம் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா, டாக்டர்?" என்று கேளுங்கள். நலமாக இருப்பவர்கள் நோய் உண்டா என்று அறிய சி.ஏ. 15-3 பார்ப்பதிலும் பயனில்லை. மார்பில் கட்டி தென்பட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்வதே சரி.

மறக்காமல் அந்த உளுந்துச் சோதனையைச் செய்து பாருங்கள். கிடைத்த இருபது எண்களையும் ஒரு வரைபடமாக வரைந்து உங்கள் கணித ஆசிரியரிடம் காட்டுங்கள். அதிலிருந்து நீங்கள் கேட்கும் கேள்விகள் உங்களை வெகுதூரம் அழைத்துச் செல்லும்.